பலகை எந்தப் பக்கமிருந்து வர வேண்டும்?

தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் வன்பொருள் கடைகள் தென்படும். குழாய், பூட்டு, பெயிண்ட் டப்பா எல்லாம் வாசல்வரை வந்து உட்கார்ந்திருக்கும். சில கடைகளின் உள்சுவரில் வட்டமான ரம்பத் தகடுகள் தொங்கும். அடுத்த முறை வீட்டில் உள்ளவர்களோடு அந்தப் பக்கம் போக நேர்ந்தால், ஒரே அளவுள்ள இரண்டு தகடுகளை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றில் 24 பற்கள்தான் இருக்கும். இன்னொன்றில் 60 அல்லது 80 பற்கள் நெருக்கமாக இருக்கும். இரண்டுமே மரம் அறுக்கத்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால், மரப்பட்டறைகளில் விரல்களைப் பறித்த ஒரு வேலையை நாம் புரிந்துகொள்ளலாம். ஒரு பலகையை அதன் நீளவாக்கில் கிழிப்பதுதான் அந்த வேலை. அதிலும் குறிப்பாக, 'ரேடியல் ஆர்ம் ரம்பம்' என்ற இயந்திரத்தில் கிழிப்பது. உங்களை அதில் வேலை செய்யச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்துக்கு நீங்கள் பள்ளிப் பட்டறையில் பயன்படுத்துவது பெரும்பாலும் மெல்லிய அலகு மேலும் கீழும் ஓடும் சிறிய ரம்பம்தான். ஆனால் இந்தப் பெரிய ரம்பத்தில் நடப்பது முழுக்க முழுக்க நீங்கள் படிக்கும் இயற்பியல்: வட்ட இயக்கம், விசையின் திசை, இயக்க ஆற்றல். கொஞ்சம் உயிரியலும் உண்டு. அங்கிருந்தே தொடங்குவோம்.

மரம் ஒரு கட்டு உறிஞ்சுகுழல்

நூறு உறிஞ்சுகுழல்களை ஒன்றாக அடுக்கி, பசை தடவி ஒட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் உள்ளமைப்பு ஏறக்குறைய அப்படித்தான். வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்களும், மரத்துக்கு உறுதி தரும் நார்களும் மேலும் கீழுமாக ஓடுகின்றன. பலகையின் மேல் நாம் பார்க்கும் ரேகைகள் அந்த ஓட்டத்தின் அடையாளம்தான்.

அந்தக் கட்டைக் குறுக்கே வெட்ட வேண்டுமானால் ஒவ்வொரு குழலையும் துண்டிக்க வேண்டும். கத்தி கூர்மையாக இல்லாவிட்டால் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாகக் கிழியும். ஆகவே குறுக்கு அறுப்புக்கான தகட்டில் பற்கள் நெருக்கமாக, ஒவ்வொன்றும் ஒரு சிறு கத்தி போலத் தீட்டப்பட்டிருக்கும். நீளவாக்கில் அறுக்கும்போது நிலைமை வேறு. அங்கே குழல்களைத் துண்டிப்பதைவிட, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பதுதான் பெரிய வேலை. இதற்குக் கத்தியைவிட உளி பொருத்தம். எனவே நீளவாக்கு அறுப்புத் தகட்டின் பல் ஒவ்வொன்றும் தட்டையான முனையுள்ள சின்ன உளி. அது தோண்டியெடுக்கும் சுருள்களை வெளியே கொண்டுபோக இடம் வேண்டும்; எனவே பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் பெரிய பள்ளம். 24 பற்கள் மட்டும் இருப்பதன் காரணம் அதுதான்.

பல்லின் சாய்வும் முக்கியம். நீளவாக்கு அறுப்புக்கான பல் முன்னோக்கிச் சாய்ந்து, கொக்கிபோல மரத்தைக் கவ்வி இழுக்கும். பலகையை ஊட்டுவதற்குச் சிரமம் குறையும். இந்தக் 'கவ்வி இழுத்தல்' என்ற குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தொல்லை கொடுக்கப்போகிறது.

மரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. நின்ற மரம் காற்றையும் தன் எடையையும் தாங்கி வளர்ந்திருக்கிறது. அறுத்து உலர்த்திய பிறகும் அந்த இறுக்கம் பலகைக்குள்ளே ஒளிந்திருக்கலாம். உலரும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்குவதும் இல்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நீளவாக்கிலோ சுருக்கம் மிகச் சொற்பம். இப்படி உள்ளே இழுபறியோடு இருக்கும் பலகையை நடுவே கிழித்தால் என்ன ஆகும்? இரண்டு பாதிகளும் விரிந்து விலகலாம். அல்லது ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து, அறுத்த வாயை மூடிக்கொள்ளலாம். வாய் மூடும்போது உள்ளே சுழன்றுகொண்டிருப்பது ரம்பம்.

மஞ்சள்-கறுப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கதை

மஞ்சளும் கறுப்புமான டிவால்ட் துளைக்கருவிகளைக் கட்டுமானத் தளங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் ரேமண்ட் டிவால்ட் என்பவருடையது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பெட்டி செய்யும் மர ஆலை ஒன்றுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். ஆட்கள் குறைவு, அறுக்க வேண்டிய மரமோ அதிகம். 1922ஆம் ஆண்டில் அவர் ஒரு வழி கண்டார். ரம்பத்தையும் மின்விசைப்பொறியையும் ஒன்றாக இணைத்து, மேசைக்கு மேலே நீண்டிருக்கும் ஒரு கையில் தொங்கவிட்டார். மேசையின் பின்னால் ஒரு தூண். தூணிலிருந்து முன்னோக்கி நீளும் கை. அந்தக் கையில் முன்னும் பின்னும் ஓடும் ரம்பம். 1924ல் பென்சில்வேனியாவின் லியோலா ஊரில் நிறுவனமும் தொடங்கினார். அந்த இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'அதிசயம் செய்பவன்'.

அதிசயம் எங்கே இருந்தது என்றால், அந்தக் கையைப் பக்கவாட்டில் திருப்பலாம், ரம்பத்தைச் சாய்க்கலாம், அதை அப்படியே 90 பாகை திருப்பிப் பூட்டவும் செய்யலாம். அதாவது ஒரே இயந்திரத்தில் குறுக்கே, சாய்வாக, நீளவாக்கில் எல்லாம் அறுக்கலாம். ஆனால் அது எல்லாவற்றையும் ஒரே அளவு பாதுகாப்பாகச் செய்யவில்லை. என் கருத்தில் அந்த இயந்திரத்தின் புகழும் பழியும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன.

குறுக்கு அறுப்பில் பலகை அசையாது. பின்னால் நிற்கும் தடுப்புச் சட்டத்தில் அது சாய்ந்திருக்கும். ரம்பத்தை நாம் நம் பக்கம் இழுப்போம். பற்களின் கீழ்விளிம்பு நம்மைவிட்டு விலகி, சட்டத்தை நோக்கி ஓடும். ஆகவே ஒவ்வொரு பல்லும் பலகையைக் கீழேயும் பின்னாலும் தள்ளி அழுத்துகிறது. பலகை எங்கும் ஓடாது. ஒரே சங்கடம், ரம்பம் தானாகவே நம்மை நோக்கி ஏறி வரப் பார்க்கும். கையை விறைப்பாக வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். இதற்காகத்தான் இந்த இயந்திரத்துக்கு முன்சாய்வு மிகக் குறைந்த, அல்லது பின்சாய்ந்த பற்கள் உள்ள தகட்டைப் பரிந்துரைக்கிறார்கள்.

நீளவாக்கில் எல்லாமே தலைகீழ். ரம்பம் திருப்பிப் பூட்டப்பட்டு ஓரிடத்தில் நிற்கும். பலகையை நாம் தள்ளுவோம். இப்போது கேள்வி: எந்தப் பக்கமிருந்து?

ஒரு காகிதத் தட்டை எடுங்கள்

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு காகிதத் தட்டு போதும்.

தட்டை மேசைமேல் செங்குத்தாக, ரொட்டியை வெட்டும் கத்தியைப்போல, முன்பின்னாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முகம் உங்கள் இடப்பக்கம் பார்க்கும். அந்த முகத்தில் கடிகார முள் சுற்றும் திசையில் ஓர் அம்புக்குறி வரையுங்கள். இதுதான் குறுக்கு அறுப்பு நிலை. உங்கள் பக்கமுள்ள விளிம்பு கீழே இறங்குகிறது. அடிவிளிம்பு உங்களைவிட்டு எதிர்ச்சுவரை நோக்கி ஓடுகிறது. மேலே சொன்னதோடு பொருந்துகிறதா பாருங்கள்.

இப்போது அம்புக்குறி உள்ள முகம் எதிர்ச்சுவரைப் பார்க்கும்படி தட்டைத் திருப்புங்கள். தட்டு உங்களுக்குக் குறுக்காக நிற்கும். அடிவிளிம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது? வலப்பக்கம். ஆகவே பலகை வலமிருந்து இடமாக வந்து, அதை எதிர்த்து மோத வேண்டும்.

அடுத்து, அம்புக்குறி முகம் உங்களைப் பார்க்கும்படி எதிர்த்திசையில் திருப்புங்கள். இப்போது அடிவிளிம்பு இடப்பக்கம் ஓடுகிறது. பலகை இடமிருந்து வலமாக வர வேண்டும்.

அதே இயந்திரம், அதே தகடு, அதே சுழற்சி. ரம்பத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பூட்டினோம் என்பதைப் பொறுத்துச் சரியான பக்கம் மாறிவிடுகிறது. நேற்று வலப்பக்கமிருந்து தள்ளிப் பழகியவர், இன்று யாரோ திருப்பி வைத்த இயந்திரத்தில் அதே பழக்கத்தில் தள்ளினால் போதும், விபத்து நடக்க வேறெதுவும் தேவையில்லை. குறுகலான துண்டு வேண்டுமென்றால் தகட்டைத் தூண் பக்கமும், அகலமான துண்டு வேண்டுமென்றால் வெளிப்பக்கமும் திருப்புவது வழக்கம். ஆகவே ஒரே நாளில் இரண்டு நிலையும் வரலாம்.

அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு விதிகள் இதற்காகவே இரண்டு விஷயங்களைக் கட்டாயமாக்கியுள்ளன. சுழற்சியின் திசை காப்பு மூடியின்மேல் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மூடியின் பின்பக்கத்தில், 'இந்தப் பக்கமிருந்து நீளவாக்கில் அறுக்காதே' என்று எச்சரிக்கும் நிரந்தரப் பட்டை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பட்டையின் குறைந்தபட்ச அளவுகூட விதியில் உண்டு. இவ்வளவு சின்ன விஷயத்தைச் சட்டத்தில் எழுதவேண்டி வந்தது ஏன் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

தவறான பக்கத்தில் நடப்பது

பலகையை எதிர்த்திசையில் தள்ளும்போது, பற்கள் மரத்தை எதிர்க்கின்றன. நாம் தள்ளத் தள்ளத்தான் அறுபடும். வேகம் நம் கையில். தவறான பக்கமிருந்து தள்ளினால், பற்களும் பலகையும் ஒரே திசையில் போகின்றன. முதல் பல் மரத்தைக் கவ்விய நொடியே ரம்பம் பலகையை இழுக்கத் தொடங்குகிறது. கொக்கிபோல முன்னோக்கிச் சாய்ந்த பற்கள் என்றால் இன்னும் மோசம். பலகை அம்பாக மறுபக்கம் பறக்கும். அங்கே நிற்பவர்மேல் பாயும். பலகையைப் பிடித்திருந்த கை? அதை விடுவதற்குள் கையும் பலகையோடு ரம்பத்தை நோக்கிப் போய்விடும்.

'உடனே கையை எடுத்துவிடலாமே' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூரில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். தகடு நேரடியாகப் பொறியின் அச்சில் மாட்டப்பட்டிருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று, அதாவது நொடிக்கு 47.5 சுற்று. தகட்டின் விட்டம் 250 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 0.785 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் பல்லின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 37 மீட்டர். மணிக்கு 134 கிலோமீட்டர். நம் விரைவுச்சாலைகளின் உச்ச வேகவரம்பு 90.

எதிர்பாராத ஒன்றைக் கண்டு கை அசையத் தொடங்க மனிதருக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். அந்த நேரத்தில் பல் 7 மீட்டருக்கும் மேல் ஓடிவிடுகிறது. 24 பற்கள் உள்ள தகடானால் 228 பற்கள் ஓரிடத்தைக் கடந்திருக்கும். எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கவனம் உதவுவது பொறியை இயக்குவதற்கு முன்புதான்.

மறுபக்கமும் பொறி வைத்திருக்கிறது

சரியான பக்கமிருந்தே தள்ளினாலும் இன்னும் இரண்டு ஆபத்துகள் மிச்சம்.

பலகை முக்கால்வாசி போனதும், கடைசிப் பகுதியை மறுபக்கமிருந்து பிடித்து இழுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வரும். பழகியவர்களுக்குத்தான் அதிகம் வரும். காகிதத் தட்டை மறுபடி பாருங்கள். வெளியேறும் பக்கத்தில் விளிம்பு கீழிறங்கி, தள்ளுபவரின் திசையில் உள்ளே ஓடுகிறது. அங்கே கை பட்டால் பற்கள் அதை வெளியே தள்ளாது, உள்ளே இழுக்கும். ஆகவே வெளியேறும் பக்கத்தில் சுழலும் தகட்டுக்கு அருகில் கை போகவே கூடாது. உதவிக்கு நிற்பவரின் கையும்தான்.

மற்றது எதிருதை. பட்டறைகளில் 'கிக்பேக்' என்றே சொல்வார்கள். பலகை உள்ளிறுக்கத்தால் வளைந்து அறுத்த வாயை மூடிக்கொண்டாலோ, தகடு தடுப்புச் சட்டத்துக்கு முற்றிலும் இணையாக இல்லாமல் லேசாகக் கோணியிருந்தாலோ, பலகையின் ஓரம் நேராக இல்லாமல் நடுவில் திரும்பினாலோ, தகட்டின் பக்கங்கள் மரத்துக்குள் இறுகும். பற்களின் அடிவிளிம்பு தள்ளுபவரை நோக்கி ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள். இறுகிய பலகை அதே திசையில், தள்ளியவர் மேலேயே திரும்பி வீசப்படும்.

எவ்வளவு வலுவாக? 700 கிராம் எடையுள்ள தகட்டைச் சீரான வட்டத்தட்டு என்று கொண்டால் அதன் சுழற்சி இயக்க ஆற்றல் ஏறக்குறைய 240 ஜூல். பொறியின் சுழலும் பகுதியில் உள்ள ஆற்றல் இதில் சேரவில்லை. 1 கிலோ எடையுள்ள சுத்தியலை 24 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றல் இது. ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால், வீவக புளோக்கில் எட்டு மாடிக்கும் மேலே. அவ்வளவு ஆற்றலும் பலகைக்குப் போய்விடாது, உண்மைதான். பாதி போனாலே போதும்.

மேசை ரம்பத்தைவிட இதில் இன்னொரு குறையும் உண்டு. மேசை ரம்பத்தில் தகடு கீழிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பலகை முதலில் சந்திக்கும் பற்கள் கீழிறங்கி அதை மேசையோடு அழுத்தும். ரேடியல் ஆர்ம் ரம்பத்தில் தகடு மேலிருந்து தொங்குகிறது. பலகை முதலில் சந்திக்கும் பற்கள் மேலெழுகின்றன. பலகையைத் தூக்கப் பார்க்கின்றன. தூக்கப்பட்ட பலகை தடுமாறும், தடுமாறியது இறுகும்.

ஆகவே நீளவாக்கு அறுப்பை மேசை ரம்பத்துக்கு விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். குறுக்கு அறுப்பில் ரேடியல் ஆர்ம் ரம்பம் சிறந்த இயந்திரம். நீளவாக்கிலும் அறுக்க முடியும் என்பதற்காக அறுக்க வேண்டியதில்லை.

தெரிந்தவர் செய்யும்போது

வேறு வழியில்லாமல் இந்த இயந்திரத்திலேயே நீளவாக்கில் அறுக்க வேண்டியிருந்தால், பயிற்சி பெற்றவர் என்ன செய்கிறார்? வேலையின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமலே நடக்கிறது.

முதலில் மின்செருகியைப் பிடுங்குகிறார். தகட்டை மாற்றுகிறார், கூர்மையானதா, நீளவாக்கு அறுப்புக்கு உரியதா என்று பார்க்கிறார். ரம்பத்தைத் திருப்பி, திருப்பிய இடத்திலும் கையின்மேல் நிற்கும் இடத்திலும் பூட்டுகிறார். பிறகு தகடு தடுப்புச் சட்டத்துக்கு இணையாக இருக்கிறதா என்று முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் அளக்கிறார். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். மேசையின்மேல் போட்டிருக்கும் பலியிடு பலகையில், அதாவது வெட்டுப்படுவதற்கென்றே வைத்திருக்கும் பலகையில், தகட்டின் நுனி மிக ஆழமில்லாத ஒரு கோடு போடும் அளவுக்கு இறக்கப்படுகிறது.

அடுத்து காப்பு மூடி. பலகை நுழையும் பக்கத்தில் அதன் மூக்கை, பலகை உரசாமல் போகும் அளவுக்குத் தாழ்த்துகிறார். பலகை தூக்கப்பட்டால் அந்த மூக்கு தடுக்கும். கையும் தகட்டுக்கு அருகில் போகாது. வெளியேறும் பக்கத்தில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, அறுத்த வாய் மூடாமல் பிரித்து வைக்கும் மெல்லிய தகடு. மற்றொன்று, பலகைமேல் உராய்ந்து கிடக்கும் கூர்முனைக் கொக்கிகள். பூனையின் நகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பலகை முன்னோக்கிப் போகும்வரை அவை சும்மா வழுக்கும். பலகை பின்னோக்கி அசைந்தால் நகம் மரத்தில் பாய்ந்து நிறுத்தும்.

அந்த நகங்கள் வேலை செய்கின்றனவா என்று எப்படி அறிவது? இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. மின்சாரம் இல்லாத நிலையிலேயே, அறுக்கப்போகும் பலகையைப்போல் அதே கனமுள்ள துண்டு ஒன்றைக் கொக்கிகளுக்கு அடியில் சரியான திசையில் செருகிப் பின்னால் இழுத்துப் பார்க்கிறார். கொக்கி பாய்ந்து துண்டை நிறுத்தினால் சரி. இந்தச் சோதனையில் திசையும் தானாகச் சரிபார்க்கப்படுகிறது. தவறான பக்கமிருந்து வந்தால் கொக்கியே முதலில் தடுத்து நிறுத்திவிடும்.

அறுக்கும்போது பலகையின் நேரான ஓரம் தடுப்புச் சட்டத்தில் ஒட்டியே போக வேண்டும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள பகுதியைத்தான் தள்ள வேண்டும், மறுபாதியை அல்ல. துண்டு குறுகலாக இருந்தால் விரலுக்குப் பதில் தள்ளுகோல். நிற்பது பலகையின் நேர்கோட்டில் அல்ல, சற்று விலகி. பலகை தகட்டையும் கொக்கிகளையும் முழுதும் தாண்டும்வரை தள்ளுவதை நிறுத்தக்கூடாது. பாதியில் நின்றால் பொறியை அணைத்து, தகடு முழுதும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கண்ணாடியும் காதுக்காப்பும் அவசியம். கையுறை மட்டும் வேண்டாம். சுழலும் பல் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். மரத்தூளையும் அலட்சியம் செய்ய முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது.

விரலுக்கு விழுக்காடு

காலாங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் மரம் அறுக்கும் ஆலைகள் இருந்தன. பிறகு அந்தத் தொழில் சுங்கை காடுட்டுக்கு இடம் மாறியது. இன்று நம் ஊரில் மரத்தை அதிகம் அறுப்பவர்களில் கட்டுமானத் தளங்களின் தச்சர்களும் உண்டு. காங்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகையால் அச்சு அடிப்பவர்கள் அவர்கள். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் நண்பர்களைச் சந்திக்க வரும் தமிழ்நாட்டு ஊழியர்களில் பலர் அந்த வேலை தெரிந்தவர்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது அப்படி வேலை பார்த்திருந்தால், எதிருதையைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். பாடநூலில் இல்லாத பதில் கிடைக்கும்.

2006ல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளிலிருந்து ஊழியரைக் காக்கும் பொறுப்பை முதலாளிமீதும் வைக்கிறது. 'ஊழியர்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்று சொல்லித் தப்ப முடியாது. காப்பு மூடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. தகட்டை முழுமையாக மறைக்கும் மூடி இல்லாததால், 2000ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே சுமார் 3.7 மில்லியன் கிராஃப்ட்ஸ்மேன் ரேடியல் ஆர்ம் ரம்பங்களுக்கு மீட்பு அறிவிப்பு வந்தது. இன்று பல பட்டறைகளில் குறுக்கு அறுப்புக்கு, சறுக்கி ஓடும் சிறிய ரம்பங்கள் இதன் இடத்தைப் பிடித்துவிட்டன. அவற்றில் நீளவாக்கில் அறுக்கும் வசதியே இல்லை.

வேலையில் விரல் போனால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் தொகை கிடைக்கும். கட்டைவிரலுக்கு ஒரு விழுக்காடு, ஆள்காட்டி விரலுக்கு ஒரு விழுக்காடு என்று பட்டியல் இருக்கிறது. பிடிப்பது, கிள்ளுவது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாமே கட்டைவிரலை நம்பியவை, அதற்கு அதிகம். விரல் போன தச்சர் பழையபடி உளி பிடிப்பாரா என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

எந்த இயந்திரத்தில் நடந்தாலும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது விரல் துண்டாகிவிட்டால் முதலில் இயந்திரத்தை அணைத்து, 995க்கு அழையுங்கள். காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையைத்தான் பனிக்கட்டியின்மேல் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேராக விரலில் பட்டால் திசுக்கள் உறைந்து, மறுபடி இணைக்க முடியாமல் போகலாம்.

பள்ளிப் பட்டறையில் உங்கள் பங்கு சிறியது, ஆனால் உண்டு. உங்கள் பலகையைப் பெரிய ரம்பத்தில் கிழித்துத் தருபவர் ஆசிரியரோ பட்டறை உதவியாளரோதான். அவரிடம் கொடுப்பதற்கு முன் பலகையை மேசைமேல் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். நேரான ஓரம் எது என்று குறியுங்கள். வேண்டிய அகலத்தைப் பென்சிலால் எழுதுங்கள். ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். பழைய ஆணி ஏதாவது புதைந்திருந்தால் வட்டமிட்டுக் காட்டுங்கள். அவர் இயந்திரத்தை இயக்கும்போது பலகையின் நேர்கோட்டில் நிற்காமல், மஞ்சள் கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். அங்கிருந்தபடியே தகட்டின் மூடியில் அம்புக்குறி தெரிகிறதா, அவர் அதற்கு எதிராகத்தான் தள்ளுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.